காவல் என்னுங் கடன்

இவ்வாண்டின் தொடக்கத்தில் மாணவர் விவாத அரங்கு ஒன்றுக்கு நடுவராக அழைக்கப்பட்டேன். "பிறநாடுகளின் உள்நாட்டுப் போர்களிற் படைகொண்டு தலையிடுதற்கு உலக மன்றங்கள் ஆணை வழங்குதல் வேண்டும்" என்பது எடுத்துக்கொண்ட பொருள். இரு கட்சியினரும் திறம்படவே பேசினர். முடிவில், பொருளை வெட்டிப் பேசிய கட்சி இரண்டு புள்ளிகளால் வென்றது. புள்ளிகளை அறிவித்துவிட்டு மேடையினின்றும் இறங்கியபோது, தோற்ற கட்சியின் தலைவியாகிய மாணவி என்னிடம் வந்து, "ஐயா, புள்ளிகளைச் சொன்னீர்கள், தீர்ப்பைச் சொல்லவில்லையே. உங்கள் கட்சி எது?" என்று வினவினார். பேச்சுத் திறனை அளப்பது மட்டுமே நடுவரின் பணி என ஏதோ கூறி நழுவினேன். அவ்விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை என்பதை அவர் முகமே காட்டிற்று. எனக்கும் அது நிறைவளிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2011ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம், நான் மாணவனாக இருந்த காலத்தில், இதே பொருளை ஒட்டி நானே மேடையிற் பேசியிருக்கிறேன். லிபியாவின் மீது விமானங்கள் குண்டு வீசத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. எனது பேச்சு முழுவதும் றுவாண்டாவைப் பற்றியதாகவே இருந்தது. நூறு நாட்களில் எட்டு இலட்சம் மனிதர் கொல்லப்படுகையில் உலகம் கைகட்டி நின்றது; இனியும் நிற்கலாமோ என்று கேட்டேன். எதிர்க்கட்சியிற் பேசிய என் விடுதி நண்பன் எழுந்து ஒரு வினாத் தொடுத்தான்: "புகுவதற்கு ஆணை பெற்றவர், புகுந்தபின் தாம் செய்வனவற்றுக்கு யாரிடங் கணக்குச் சொல்வர்?" நான் சற்றுந் தயங்காமல், "வீடு தீப்பற்றி எரிகையில் நீர்க்குடம் கொண்டு வருபவனிடங் கணக்குக் கேட்பாரும் உளரோ?" என்றேன். மண்டபம் அதிரக் கைதட்டினர். எங்கள் கட்சி வென்றது. அவனது வினாவுக்கு நான் விடை கூறவில்லை என்பதை அன்று எவருங் கவனிக்கவில்லை; நானும் கவனிக்கவில்லை.

அந்த வினா பின்னர் என்னை விடாது தொடர்ந்தது. அதன் பொருட்டு நான் படித்தவையே எனது பேச்சின் குறைகளை எனக்குக் காட்டின. அவற்றுள் முதலாவது, றுவாண்டாவைப் பற்றி நான் கூறியது முழு உண்மையன்று என்பதாகும். உலகம் அங்கே வராமல் இருக்கவில்லை. வந்து, பின்னர் போயிற்று.

1990 ஒக்டோபரிலிருந்து றுவாண்டாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஹூட்டு இனத்தவர் ஆதிக்கம் பெற்றிருந்த அரசாங்கத்துக்கும், பெரும்பாலும் துட்சி இனத்து அகதிகளின் மைந்தரைக் கொண்ட றுவாண்டா தேசாபிமான முன்னணிக்கும் இடையே 1993 ஓகஸ்ட் மாதம் அருஷா நகரிற் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அவ்வுடன்படிக்கையை நிறைவேற்றத் துணைபுரியும் பொருட்டு, ஒக்டோபர் மாதம் பாதுகாப்புச் சபை ஒரு படையை அமைத்தது. கனடா நாட்டவரான றோமியோ டலேர் அதன் தளபதி. 1994 யனவரி 11ஆந் திகதி, ஆயுதங்கள் மறைத்து வைக்கப்பட்டிருப்பதையும் கொலைக்கான ஆயத்தங்கள் நடைபெறுவதையும் அவர் நியூயோர்க்குக்கு அறிவித்து, அவ்வாயுதங்களைக் கைப்பற்றப் போவதாகக் கூறினார். அது தமக்கு அளிக்கப்பட்ட ஆணையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று தலைமையகம் தடுத்துவிட்டது.

ஏப்பிரல் 6ஆந் திகதி இரவு சனாதிபதி ஹப்யாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாட் காலை பிரதமர் அகாத் உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவருக்குக் காவலாக அனுப்பப்பட்ட பெல்ஜியப் படையினர் பத்துப் பேரும் கொல்லப்பட்டனர். பிரான்சு, பெல்ஜியம், இத்தாலி ஆகிய நாடுகளின் படையினர் அவ்வாரமே கிகாலியில் வந்திறங்கினர். வந்தவர்கள் வெளிநாட்டவரை ஏற்றிக்கொண்டு திரும்பிச் சென்றனர். ஏப்பிரல் 11ஆந் திகதி, கிகாலியின் தொழினுட்பக் கல்லூரி ஒன்றில் ஏறத்தாழ 2,000 பேர் பெல்ஜியப் படையினரின் காவலை நம்பி ஒதுங்கியிருந்தனர். படையினருக்கு விலகும்படி கட்டளை வந்தது. வாகனங்கள் வெளிவாயிலைக் கடந்தபோது கொலைஞர் அருகிலேயே காத்து நின்றனர். அங்கிருந்தோரிற் பெரும்பாலானோர் அன்றே கொல்லப்பட்டனர். பத்து நாட்களின் பின்னர் பாதுகாப்புச் சபை கூடி, ஏறத்தாழ 2,500 பேரைக் கொண்டிருந்த படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. றுவாண்டாவின் பிரதிநிதியும் அவ்வாண்டு அச்சபையில் ஓர் உறுப்பினராக அமர்ந்திருந்தார் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அவர் கொலைகாரரின் அரசாங்கத்தையே பிரதிநிதித்துவஞ் செய்தார்.

இந்த நிகழ்ச்சிகளைப் படித்தபின், "தலையிடலாமா, விலகி நிற்கலாமா?" என்று வினாவை அமைப்பதே தவறெனத் தோன்றிற்று. அக்கல்லூரியின் வாயிலிற் காவல் நின்றவர் போனதும் ஒரு செயலே. அவர்களை நம்பி அங்கு வந்தவர்கள், அவர்கள் இல்லாதிருப்பின் வேறெங்கேனும் ஓடி ஒளிந்திருக்கவுங் கூடும். காப்பதாகத் தோற்றங் காட்டி மக்களை ஓரிடத்திற் சேர்த்துவிட்டுப் பின்னர் அகலுதல், கொலைஞருக்குச் சாதகமான தலையீடே அன்றி நடுநிலை ஆகாது.

எஞ்சி நின்ற சில நூறு பேர் என்ன செய்தனர் என்பதும் எண்ணத்தக்கது. டலேரும், அவருக்குத் துணையாயிருந்த கானா நாட்டுத் தளபதி ஹென்றி அன்யிடோஹோவும் முற்றாக வெளியேற மறுத்தனர். கிகாலியின் விளையாட்டரங்கிலும் விடுதியொன்றிலும் ஒதுங்கிய ஆயிரக்கணக்கானோர் அச்சிறு படையின் நிழலில் உயிர் தப்பினர். செனகல் நாட்டுக் கப்டன் ம்பாயே டியாஞ் ஆயுதமற்ற நோக்காளராக இருந்துகொண்டே, வீதித்தடைகளில் நின்ற கொலைஞருடன் பேசியுஞ் சிரித்தும் இரந்தும் பலரைத் தமது வாகனத்தில் மறைத்துக் கடத்தினார். மே 31ஆந் திகதி எறிகணை வீழ்ந்து அவர் இறந்தார். இருபது ஆண்டுகளின் பின்னர், 2014இல், பாதுகாப்புச் சபை அவர் பெயராற் பதக்கமொன்றை ஏற்படுத்தியது. 5,000 படையினர் இருந்திருப்பிற் பேரழிவைத் தடுத்திருக்கலாம் என்று டலேர் பின்னாளிற் கூறினார். அதனை ஐயுறும் ஆய்வாளரும் உளர். எண்ணிக்கை எவ்வாறாயினும், நின்றவர் நின்றமையாற் சிலர் பிழைத்தனர் என்பதை மறுப்பார் இல்லை.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நான் 2011இற் பேசிய கட்சியே சரியென்று ஆகும். ஆனால் லிபியா குறுக்கே நிற்கின்றது.

2011 மார்ச் 17ஆந் திகதி பாதுகாப்புச் சபை 1973ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பத்து நாடுகள் ஆதரித்தன; பிறேசில், சீனா, ஜேர்மனி, இந்தியா, இரசியா ஆகிய ஐந்தும் வாக்களியாது ஒதுங்கின. கடாபியின் படைகள் பெங்காசி நகரை நெருங்கிக்கொண்டிருந்தன. பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கலாம் என்பதே ஆணை. அந்நியப் படை நிலங்கொண்டு அமர்தல் கூடாது என்றும் அதிலே சொல்லப்பட்டிருந்தது. மார்ச் 19ஆந் திகதி தாக்குதல் தொடங்கிற்று. பெங்காசிக்கு வந்த ஆபத்துச் சில நாட்களில் விலகியது. தாக்குதலோ விலகவில்லை. ஏப்பிரல் மாதம் ஆபிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள் சமாதானத் திட்டமொன்றுடன் திரிப்போலிக்கும் பெங்காசிக்குஞ் சென்றனர். கிளர்ச்சியாளர் அதனை ஏற்கவில்லை. அவர்களை ஏற்கச்செய்ய முயல வேண்டுமென்ற அக்கறை குண்டு வீசிய நாடுகளுக்கும் இருக்கவில்லை. காத்தற்கு வழங்கிய ஆணை ஆட்சியைக் கவிழ்த்தற்குரிய ஆணையாகப் பொருள் கொள்ளப்பட்டது. ஒக்டோபர் 20ஆந் திகதி கடாபி கொல்லப்பட்டார். அம்மாத இறுதியில் நேட்டோ தன் பணி முடிந்ததாக அறிவித்தது.

அதன் பின்னரே லிபியாவின் துன்பம் பெருகிற்று. 2014இல் மீண்டும் உள்நாட்டுப் போர் மூண்டது. நாடு இரு அரசாங்கங்களாகப் பிளவுண்டது. 2023 செப்டெம்பரிற் பெரும்புயல் வீசியபோது, நெடுங்காலம் பேணுவாரற்றுக் கிடந்த இரண்டு அணைகள் உடைந்து, டேர்னா நகரில் ஆயிரக்கணக்கானோரை வெள்ளம் கடலுக்கு அடித்துச் சென்றது. அணையைப் பேணாமைக்குரிய பழி கடாபியின் காலத்துக்கும் உண்டு. அவ்வெள்ளத்தைக் குண்டு வீசியவர் தலையிலே சுமத்துதல் நேர்மையன்று. ஆயினும் பிளவுண்ட நாடு தன் அணைகளைப் பாராது என்பதும் உண்மையே. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் வெளிநாட்டலுவல்கள் குழுவே 2016இல் தன் நாட்டின் லிபியக் கொள்கையைக் கடுமையாகக் கண்டித்தது. எனது தீயும் நீர்க்குடமும் நினைவுக்கு வந்தன. நீர் கொண்டு வந்தவர் தீயை அணைத்தபின் வீட்டுக் கதவையும் பெயர்த்துவிட்டுச் சென்றனர். கணக்குக் கேட்பார் இருந்திருத்தல் வேண்டும்.

லிபியாவின் விலையை லிபியர் மட்டுமே கொடுக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரிற் சிரியாவைப் பற்றிய தீர்மானம் சபைக்கு வந்தபோது இரசியாவும் சீனாவும் இரத்து அதிகாரத்தால் அதனை வீழ்த்தின. அவ்விரு நாடுகளுக்கும் வேறு நோக்கங்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் லிபியாவில் ஆணை மீறப்பட்டமை, அவர்கள் கையில் எளிதில் மறுக்க முடியாத ஒரு சாட்டைக் கொடுத்துவிட்டது.

சிறிய நாடுகளின் அச்சத்துக்கு வேர்கள் இன்னும் ஆழமானவை. 1960 யூலையில் அன்றுதான் சுதந்திரம் பெற்ற கொங்கோவுக்கு ஐ.நா. படை சென்றது, அழைத்தவர் பிரதமர் லுமும்பாவே. சில மாதங்களில் அவர் பதவி நீக்கப்பட்டார், ஐ.நா. படையினர் காவல் நின்ற தம் இல்லத்தை விட்டுத் தப்பிச் செல்கையிற் பிடிபட்டார். 1961 யனவரியிற் கட்டாங்காவிற் கொல்லப்பட்டார். அவர் பிடிபட்டபோது ஐ.நா. படை தலையிடவில்லை. பின்னர் அதே படை பலத்தைப் பயன்படுத்தி, 1963இற் கட்டாங்காவின் பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவந்தது. நாடு சிதறாது நின்றது. ஆனால் 1965இல் ஆட்சியைக் கைப்பற்றிய மொபுட்டு 1997 வரை அந்நாட்டைச் சூறையாடினார். இதனை வெற்றியென்பதா, தோல்வியென்பதா? அழைத்தவனையே காவாத காவலை மக்கள் எவ்வாறு நம்புவர்?

பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா மற்றொரு பாடம். 1993 ஏப்பிரலில் அவ்வூரைப் பாதுகாப்பு வலயமெனச் சபை அறிவித்தது. அத்தகைய வலயங்களைக் காக்க 34,000 படையினர் வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, 7,600 பேர் போதுமென்று முடிவாயிற்று. 1995 யூலை 11ஆந் திகதி ஊர் வீழ்ந்தது. ஒல்லாந்துப் படையினரின் கண்முன்னே ஆண்கள் வேறாகவும் பெண்கள் வேறாகவும் பிரிக்கப்பட்டனர். 8,000க்கு மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களுங் கொல்லப்பட்டனர். இங்கே ஆணை இருந்தது. அதற்குரிய ஆள் இல்லை. அதை நிறைவேற்றும் மனமும் இல்லை.

எங்கள் நாட்டவர் இந்த வினாவை வெறும் ஏட்டு வினாவாகக் கொள்ள இயலாது. 1987இல் இரு அரசாங்கங்களின் உடன்படிக்கையால் அயல்நாட்டுப் படை வந்தது. 1990 மார்ச் மாதம் சென்றது. 2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உறுதியளிக்க இயலாது என்று அரசாங்கங் கூறியதைத் தொடர்ந்து, ஐ.நா.வின் சர்வதேச அலுவலர் வன்னியை விட்டு நீங்கினர். போகவேண்டாமென்று மக்கள் கிளிநொச்சியில் அவர்களை மறித்து நின்று வேண்டினர். போரின் இறுதி மாதங்களிற் பாதுகாப்புச் சபை இவ்விடயத்தைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் ஒருமுறையேனும் எடுக்கவில்லை. 2012 நவம்பரில் வெளியான உள்ளக மீளாய்வு அறிக்கை, அக்காலத்து ஐ.நா.வின் நடத்தையைப் பெருந்தோல்வி என்றே எழுதிற்று. அந்நியப் படையின் வருகை எவ்வளவு கனமானது என்பதையும், சாட்சியாக நிற்க எவரும் இல்லாமை எவ்வளவு கனமானது என்பதையும் ஒருங்கே அறிந்தவர் நாம். ஆதலால் இரு கட்சிக்கும் எளிதிற் கைதட்ட எமக்கு உரிமையில்லை.

இவ்வாண்டு நான் நடுவராக இருந்த விவாதத்தில், வென்ற கட்சியின் மாணவர் ஒருவர் கோவூர்கிழாரை எடுத்துக் காட்டினார். சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடந்தது உள்நாட்டுப் போரே. அப்புலவர் படையின்றிச் சொல்லாலேயே சந்து செய்விக்க முயன்றார். மலையமானின் மக்களைக் கிள்ளிவளவன் யானைக்காலில் இடமுற்பட்டபோதும் சொல்லாலேயே தடுத்தார் என்று அவர் வாதிட்டார். அழகிய எடுத்துக்காட்டு, நானும் அதற்கு நல்ல புள்ளி வழங்கினேன். ஆயினும் பின்னர் எண்ணிப் பார்க்கையில் இரண்டு உண்மைகள் தோன்றின. புலவரின் சொல் வென்றது, கேட்குஞ் செவி மன்னனிடம் இருந்தமையால். வானொலியிற் பெயர் படித்துக் கொல்லத் தூண்டிய றுவாண்டாவின் கொலைஞரிடம் அச்செவி இருக்கவில்லை. மற்றையது, சொல்லையன்றி வேறொன்றும் இல்லாத அப்புலவர், யானை நின்ற இடத்துக்கே சென்று நின்றார் என்பது. ஆயுதமற்ற ம்பாயே டியாஞ் செய்ததும் அதுவே. சொல்லா, படையா என்பதனினும், நிற்பவர் நிற்பாரா என்பதே காக்கப்படுபவருக்கு முதன்மையான வினா.

இனி எனது தீர்ப்பைக் கூறுகிறேன். பெருந்தொகையான மக்கள் கொல்லப்படும்போதும், கொலை கண்முன் நெருங்கி நிற்கும்போதும், உலக மன்றம் படைகொண்டு தடுக்க ஆணையிடலாம், இடவும் வேண்டும். உள்நாட்டு விவகாரங்களிற் தலையிடலாகாது என்ற ஐ.நா. சாசனத்தின் விதியே, ஏழாம் அத்தியாயத்தின் கீழ் எடுக்கும் நடவடிக்கைகளுக்கு விலக்களிக்கின்றது. தன் மக்களைக் காக்குங் கடப்பாட்டில் ஓர் அரசு வெளிப்படையாகத் தவறுமிடத்து உலக சமூகம் பாதுகாப்புச் சபையினூடாகச் செயற்படலாம் என்பதை 2005ஆம் ஆண்டின் உலக மாநாட்டில் அரசுகள் யாவும் ஏற்றுங்கொண்டன. ஆதலால் ஆணையிடும் உரிமை உண்டா என்பதில் எனக்கு இன்று ஐயமில்லை. ஐயம் எழுவது ஆணையின் அளவிலும் அதனை ஏற்பவரிடத்திலுமேயாம்.

ஆணை காத்தலோடு நிற்றல் வேண்டும். யார் ஆளவேண்டும் என்று முடிவு செய்யும் வரை நீளலாகாது. குறித்த காலத்தின் பின் அது தானே காலாவதியாகி, மீண்டும் சபைமுன் வந்து வாதிட்டே புதுப்பிக்கப்படுதல் வேண்டும். அவ்வாறாயின் லிபியாவிற் பெங்காசி தப்பிய பின்னர், அடுத்த அடியை எடுத்து வைக்குமுன் விளக்கங் கூற நேர்ந்திருக்கும். அந்நாட்டில் நலன் நாடுவோர் படையை முன்னின்று நடத்தலாகாது. 1994 யூனில் றுவாண்டாவுக்குப் படை கொண்டு செல்லப் பிரான்சு ஆணை பெற்றது. ஹப்யாரிமானாவின் ஆட்சியை அதுகாறுந் தாங்கி நின்றதும் அந்நாடே. அப்படையாற் சிலர் உயிர் தப்பினர். கொலைகாரர் பலரும் அது காத்த வலயத்தினூடாகவே சயீருக்குத் தப்பினர். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆணையோடு ஆளும் பொருளும் கொடுத்தல் வேண்டும். கொடுக்க மனமில்லாதவிடத்துப் பாதுகாப்பு வலயமென்று பெயர் சூட்டி மக்களை அழைக்கலாகாது.

இரத்து அதிகாரம் இருக்கும்வரை இவையெல்லாம் வெறுங்கனவு என்பர். அவ்வாட்சேபம் வலியது. இன்றைய அமைப்பில் ஐந்து நாடுகளும் அவற்றின் நண்பரும் தீர்ப்புக்கு அப்பாற்பட்டே இருக்கின்றனர். பெரும் படுகொலைகளின்போது இரத்து அதிகாரத்தை நிறுத்தி வைக்கவேண்டுமெனப் பிரான்சும் மெக்சிக்கோவும் 2015இல் விடுத்த வேண்டுகோளைப் பல நாடுகள் ஆதரித்துள்ளன. ஏனைய நிரந்தர உறுப்பினர் இசையவில்லை. 2022 ஏப்பிரலின் தீர்மானத்தின்படி, இரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் பொதுச்சபை பத்து வேலை நாட்களுக்குட் கூடி அதனை ஆராய்தல் வேண்டும். இது சிறு படியே. ஆயினும் எல்லா வீட்டுத் தீயையும் அணைக்க முடியாது என்பது, அணைக்கக்கூடிய ஒரு தீயை எரியவிடுதற்கு நியாயமாகாது.

தமிழிற் கடன் என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். முதற் பொருளை மட்டுமே கொண்டு நான் 2011இற் பேசினேன். இரண்டாவது பொருளையே என் நண்பன் நினைவூட்டினான். காப்பேன் என்று கூறியவன், கூறிய கணத்தில் அம்மக்களுக்குக் கடனாளியாகிறான். கடன் கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆகவே, நண்பனே, யாரிடங் கணக்குச் சொல்வர் என்ற உன் வினாவுக்கு எனது காலந்தாழ்ந்த விடை இதுதான்: சபையிடம் மட்டுமன்று, யாரைக் காக்கச் சென்றனரோ அவரிடம். அவர்கள் கணக்குக் கேட்பதற்குரிய மன்றம் இன்னும் அமைக்கப்படவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். உன் கட்சி அவ்வளவில் இன்றும் தோற்கவில்லை.

என்னை வினவிய மாணவிக்கு: உமது கட்சியே எனது கட்சி. ஆயினும் அன்று உமக்கு நான் இட்ட புள்ளிகளை மாற்றமாட்டேன். நீர் றுவாண்டாவைச் சொன்னீர், லிபியாவைச் சொல்லவில்லை. நான் மாணவனாகச் செய்த பிழையும் அதுவே.